மவுண்டன் பைக் வாங்கப் போகிறீர்களா? நான் பட்டதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

எனக்குப் பந்தய ஆசையோ சாகச ஆசையோ கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் தார் ரோட்டில் மிதிப்பேன், விடுமுறை வந்தால் கொஞ்சம் மண்பாதை. அவ்வளவுதான் என் ஓட்டம். இதற்காக வாங்கிய மவுண்டன் பைக், முதல் வருஷம் முடிவதற்குள் தன் விலையில் ஏறக்குறைய பாதியை ரிப்பேர் என்றும் மாற்றுச் சாமான் என்றும் மறுபடி என்னிடமிருந்து கறந்துவிட்டது. கடைசியில் விற்றபோது கைக்கு வந்தது வாங்கிய விலையில் கால் பங்குகூட இல்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை. முழங்கால் வலியால் சைக்கிளைத் தொடாமல் கிடந்த மாதங்கள் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. கூட ஓட்டுகிற ஆள் யாரும் அப்போது எனக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு விஷயமும் அடிபட்ட பிறகுதான் தெரிந்தது. அடிபடாமலே தெரிந்துகொள்ள யாராவது ஒருவருக்கு இது உதவினால் சரி.

கடையில் என் கண்ணை இழுத்தது தடித்த டயர், முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர். பக்கத்திலேயே ஏறக்குறைய அதே விலைக்கு இன்னொரு சைக்கிள் நின்றது. அதில் சஸ்பென்ஷனே இல்லை, கியரும் எட்டுதான். ஒரே காசுக்கு இவ்வளவு கிடைக்கும்போது அந்த மொட்டைச் சைக்கிளை யார் வாங்குவார்கள்? கடைக்காரரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. ஒரே விலையில் ஒன்றில் சாமான் அதிகமாக இருக்கிறதென்றால், அதிலுள்ள ஒவ்வொரு சாமானும் அந்த அளவுக்கு மட்டம். மொட்டையாக நின்றதில் நல்ல ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), நல்ல பிரேக், எடை குறைந்த ஃபிரேம் இருந்திருக்கும். அது எதுவும் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. சஸ்பென்ஷன் தெரியும்.

பின் சஸ்பென்ஷனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் என்னை அதிகம் படுத்தியது. நல்ல மவுண்டன் பைக்கில் பின்னால் இருக்கிற ஷாக்கில் காற்றழுத்தத்தை ஓட்டுகிறவரின் எடைக்கு ஏற்றபடி வைக்கலாம், அது திரும்பி எழும் வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நான் வாங்கியதில் இருந்தது ஒரு தடித்த ஸ்பிரிங், அதை இறுக்க ஒரு திருகு வளையம், வேறு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் கீழே போய் மேலே வந்தது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் மெத்தைமேல் ஓடுவது மாதிரி, கால் போட்ட பலத்தில் பாதி ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும். எடை வேறு. இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறினால் தோள்பட்டை கேள்வி கேட்கும். சில மாதத்தில் பின் சக்கரத்தைத் தாங்குகிற ஃபிரேமின் பின்பகுதி அசைகிற மூட்டில் புஷ் என்கிற வளையம் தேய்ந்து, சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘லொடக்’ என்று ஆடியது. அந்த அளவில் புஷ் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. கடைசல் பட்டறையில் செய்து போட வேண்டியிருந்தது. தார் ரோடும் லேசான மண்பாதையும்தான் உங்கள் ஓட்டம் என்றால், பின் சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம். நிஜமாகவே வேண்டும் என்கிற அளவுக்குக் கரடுமுரடான பாதையில் இறங்குகிறவர்கள் அதற்குரிய விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், நடுவில் குறுக்கு வழி இல்லை.

முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கும் ஒன்றும் ஒசத்தி இல்லை. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரைக் கிலோ பக்கம் வரும். உறுதியான சாதா இரும்பு ஃபோர்க் ஒரு கிலோ சொச்சம்தான். அந்தக் கூடுதல் எடைக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது, பெரிய பள்ளத்தில் ‘டங்’ என்று அடிமட்டம் வரை போய் முட்டுகிற ஒரு சாமான். சின்னச் சின்ன அதிர்வுகளுக்கு அது அசையவே இல்லை, அதையெல்லாம் வாங்கிக்கொண்டது டயர்தான். கைப்பிடிப் பக்கம் லாக் அவுட், அதாவது ஃபோர்க்கை அசையாமல் பூட்டுகிற வசதி, இருந்தால் தார் ரோட்டிலும் மேட்டிலும் பூட்டிவிட்டு மிதிக்கலாம். முன் சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் அது இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள். நல்ல ஃபோர்க் என்றால் நாம் ஏறி உட்கார்ந்ததும் அது அமுங்கக்கூடிய மொத்த தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் கால் பங்கு சும்மாவே இறங்க வேண்டும். என்னுடையது இறங்கவே இல்லை. நான் எடை குறைவு, ஸ்பிரிங் கெட்டி, மாற்ற வேறு ஸ்பிரிங் கிடையாது.

இதையெல்லாம் பட்டுவிட்டு இந்தச் சைக்கிளின் வரலாற்றைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய கனமான சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய் மண்பாதையில் இறக்கி விளையாடினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மவுண்டன் பைக். அங்கே 1976-ல் தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப்பிலிருந்த பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். பெரிய அளவில் தயாரித்து விற்ற முதல் மவுண்டன் பைக்குகளில் ஒன்றான ஸ்டம்ப்ஜம்பர் 1981-ல் வந்தது. அதிலும் சஸ்பென்ஷன் கிடையாது. முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் கடைக்குப் பரவலாக வந்ததே 1990 வாக்கில்தான். சஸ்பென்ஷன் இல்லாமல் மலையிலேயே இறங்கியிருக்கிறார்கள். வேகத்தடை தாண்ட எனக்கு இரண்டு ஸ்பிரிங்!

இன்னொன்று, வாங்கிய பிறகுதான் பார்த்தேன். சைக்கிளோடு வந்த சின்னப் புத்தகத்தில் இதைக் கரடுமுரடான பாதையில் ஓட்டக்கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பார்க்க மவுண்டன் பைக் மாதிரியே இருக்கிற மலிவு சைக்கிள்கள் பலவற்றில் இப்படி ஒரு வரியோ ஃபிரேமில் ஒரு ஸ்டிக்கரோ இருக்கும். சில கம்பெனிகள் 1, 2, 3 என்று வகை போட்டுத் தெளிவாகவே சொல்லியிருப்பார்கள். வகை 1 என்றால் தார் ரோடு மட்டும். வகை 2 என்றால் மண்பாதை, சரளைப் பாதையும் ஓட்டலாம், ஆனால் 15 செ.மீ. உயரத்துக்கு மேல் குதிக்கக்கூடாது. வகை 3 என்றால் கல்லும் வேருமான காட்டுப்பாதை, 61 செ.மீ. வரை குதிக்கலாம். நம் மாதிரி ஆட்களுக்கு வகை 2 தாராளம். காசு கொடுக்கும் முன் அந்த ஸ்டிக்கரைத் தேடுங்கள். கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, இப்போது முழங்காலுக்கு வருகிறேன். சைக்கிள் எனக்குச் சின்னதோ என்று கடையிலேயே சந்தேகம் வந்தது. “சீட்டை ஏத்திக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சனை இல்ல” என்றார். ஏற்றத்தான் செய்தோம், ஆனால் சீட் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு ஃபிரேமுக்கு வெளியே தெரியக்கூடாது. அதற்கு மேல் தூக்கினால் தண்டு உடையும், இல்லை ஃபிரேம் விரியும். கோடு வரை ஏற்றியும் என் கால் சரியாக நீளவில்லை. மடங்கிய காலோடுதான் மிதித்தேன். சில வாரத்தில் முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் வலி. முதலில் புதுப்பழக்கம், சரியாகிவிடும் என்று நினைத்தேன். படிக்கட்டு இறங்கும்போது வலிக்க ஆரம்பித்ததும் பயம் வந்துவிட்டது. டாக்டர், எக்ஸ்ரே, பிசியோதெரபி என்று போய், சைக்கிளை ஓரம் கட்டி வைத்தேன். சீட் உயரம் எவ்வளவு என்று கேட்டது அந்த பிசியோதெரபிஸ்ட்தான். அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை, எனக்கும் அது உறைக்கவில்லை. மருத்துவச் செலவைச் சைக்கிள் கணக்கில் நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் வயிறு எரியும்.

உயரம் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் அப்படியே நேராக நிற்க வேண்டும். அப்புறம் எப்போதும்போல் முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் வேண்டியது. முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறதென்றால் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சீட் தாழ்வாக இருக்கிறது. நிற்க வேண்டுமென்றால் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க வேண்டும், அதைப் பழகிக்கொள்ளலாம். ஃபிரேம் சரியான அளவா என்று பார்க்க, நடுக்குழாய்க்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று பாருங்கள். குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். பிறகு ஓட்டிப் பார்க்கும்போது கை நீட்டி விறைக்காமல், முழங்கையில் கொஞ்சம் மடிப்போடு ஹேண்டில்பாரைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போனால் எடை முழுக்கக் கையில் விழுகிறது என்று அர்த்தம். சக்கர அளவு 26, 27.5, 29 அங்குலம் என்று மூன்று வகை உண்டு. அதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஃபிரேம் பொருந்தினால் சக்கரம் எதுவானாலும் ஓட்டலாம். 26 அங்குலத்துக்கு நல்ல டயர் தேடுவது இப்போது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வலி குறைந்து மறுபடி ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளில் அடுத்தது வந்தது. இடது காலை அழுத்தும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். சுற்றுக்கு ஒரு தடவை, தவறாமல் ஒரே இடத்தில். செயின் சத்தம் என்று எண்ணெய் விட்டேன். நிற்கவில்லை. ஒரு வாரம் போல அப்படியே ஓட்டியிருப்பேன். வீட்டிலிருந்து நல்ல தூரத்தில் ஒரு மேட்டில் எழுந்து மிதித்தபோது பெடலை அச்சோடு இணைக்கிற இடது கிராங்க், பெடலோடு சேர்ந்து, ஷூவில் ஒட்டிக்கொண்ட மாதிரி கழன்று காலோடு வந்துவிட்டது. நான் விழவில்லை, அதுவே பெரிய விஷயம். எடுத்துப் பார்த்தேன். இரும்பு அச்சின் சதுரமான முனை அப்படியே இருந்தது. அதில் மாட்டுகிற அலுமினியக் கிராங்கின் சதுர ஓட்டை மட்டும் மூலையெல்லாம் நசுங்கி வட்டமாகிப் பளபளத்தது. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழி முழுக்க யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினேன்.

நடந்தது இதுதான். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவர் கிராங்க் போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை. அது லேசாகத் தளர்ந்தபடி மிதிக்க மிதிக்க, மெல்லிய அலுமினியத்தை இரும்பு அரைத்துத் தள்ளிவிட்டது. ஒரு தடவை ஓட்டை வட்டமாகிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். முதல் ‘டிக்’ கேட்ட அன்றே ஒரு ஆலன் கீயை நீட்டி அழுத்தி இறுக்கியிருந்தால் பைசா செலவில்லாமல் முடிந்திருக்கும். பெட்டியில் வந்து அவசரமாகப் பூட்டப்பட்ட சைக்கிளில் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருப்பதும் உண்டு. முன் டிஸ்க் பிரேக்கில் டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பர் இடது பக்கத்தில், ஃபோர்க்குக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் துருத்திக்கொண்டு நின்றால் வண்டியைத் தொடாதீர்கள். இடது பெடலுக்கு மறை தலைகீழ், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் பலவந்தமாகத் திருகிக் கிராங்கின் மறையையே அரைத்துவிடுகிறவர்கள் உண்டு. எனவே புது சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கிராங்க், பெடல், ஹேண்டில்பார், சீட், இரண்டு சக்கர அச்சு எல்லாவற்றையும் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஹேண்டில் தலைப்பில் ஆட்டம் இருக்கக்கூடாது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை. புது கேபிள் கொஞ்சம் நீளும், புது ஸ்போக் கொஞ்சம் தளரும். முதல் மாதத்துக்குள் சக்கரத்தில் கோட்டம் எடுக்கவும் கியர் சரிபார்க்கவும் கடையில் இலவச சர்வீஸ் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

டயர் விஷயத்தில் மட்டும் நான் அதிகம் கஷ்டப்படவில்லை, ஆனால் தெரிந்தபோது கிடைத்த நிம்மதி பெரிது. பெரிய பெரிய குமிழ் வைத்த டயர் தார் ரோட்டில் ‘உய்ய்’ என்று இரைந்துகொண்டே இருக்கும், வண்டியும் இழுக்கும். நடுவில் நெருக்கமான பட்டையும் ஓரத்தில் குமிழும் உள்ள டயருக்கு மாறியதும் அதே மிதிக்கு வண்டி வேகமாகப் போனது. செலவழித்ததில் உருப்படியான செலவு என்றால் அதைத்தான் சொல்வேன். காற்றும் அப்படித்தான். டயரின் பக்கத்தில் போட்டிருக்கிற உச்ச அளவு வரை அடித்துக் கல்லாக வைக்க வேண்டியதில்லை. 2.1 அங்குல அகலத்துக்கு, நடுத்தர எடை உள்ளவர் தார் ரோட்டில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்தால் போதும், மண்ணில் 30 பக்கம் இறக்கலாம். ரொம்ப இறக்கினால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அளவு காட்டுகிற தரை பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வால்வ் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் இருக்கிற தடித்த வகையும் உண்டு, தலையில் சின்னத் திருகு வைத்த ஒல்லியான வகையும் உண்டு.

21 கியர் கதை சின்னது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. ஆனால் பல சேர்க்கைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் போட்டால் செயின் கோணி இழுபடும். நான் பயன்படுத்தியது ஏழெட்டுத்தான். முன்னால் ஒன்றே ஒன்று வைத்துப் பின்னால் பெரிய பல்சக்கரம் வரை உள்ள சைக்கிள் நமக்குச் சௌகரியம், கெட்டுப்போக ஒரு சாமான் குறைவு. பின்னால் ஏழு என்றால் பெரும்பாலும் அது ஹப்பில் மொத்தமாகத் திருகி மாட்டுகிற பழைய வகை ஃப்ரீவீல். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் முனை தாங்கல் இல்லாமல் வெளியே நீண்டு நிற்கும், பள்ளத்தில் விழுந்தால் வளையும். எனக்கு வளைந்தது. எட்டு, ஒன்பது என்று போனால் பெரும்பாலும் பல்சக்கரங்களை மட்டும் ஹப்பில் நுழைத்துப் பூட்டுகிற கேசட் வகை வரும், அதில் இந்தத் தொல்லை குறைவு. இன்னொரு சின்ன சாமான், டீரெய்லியர் ஹேங்கர். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற பின் டீரெய்லியரை ஃபிரேமோடு இணைக்கிற மெல்லிய அலுமினியத் துண்டு. ஃபிரேம் வளைவதற்குப் பதில் தான் வளைய வேண்டும் என்றே மெலிதாகச் செய்திருக்கிறார்கள். சைக்கிள் சும்மா நின்ற இடத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே போதும். அதற்குப் பிறகு கியர் தாவிக்கொண்டே இருக்கும், கேபிளை எவ்வளவு திருகினாலும் நிற்காது. நான் மூன்று கடை ஏறி இறங்கி, கேபிள் மாற்றி, ஷிஃப்டர் மாற்றி, அதன் பிறகுதான் ஒருவர் பின்னால் குனிந்து பார்த்து ஹேங்கர் வளைந்திருக்கிறது என்றார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இது வேறு வேறு வடிவம். 2019-ல் ஸ்ராம் கம்பெனி யு.டி.ஹெச். என்று பொதுவான ஒன்றைக் கொண்டுவந்தது, அது உள்ள ஃபிரேம் என்றால் தேட வேண்டியதில்லை. இல்லையென்றால் சைக்கிள் வாங்குகிற அன்றே ஸ்பேர் ஹேங்கர் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், இரண்டு வருஷம் கழித்து அந்த மாடலே இருக்காது. சைக்கிளைச் சாய்த்து வைக்க வேண்டுமென்றால் எப்போதும் இடப்பக்கம்.

பிரேக் போனது சர்வீஸுக்குக் கொடுத்தபோது. செயினுக்கு ஸ்பிரே அடித்தவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அடித்தார், துளி தெறித்துப் பின் டிஸ்க்கில் விழுந்தது. வீடு வரும் வழியில் பிரேக் பிடித்தால் வான்கோழி கத்துகிற சத்தம், வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கை நம்பித்தான் வந்து சேர்ந்தேன். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம், டிஸ்க்கைப் பிடிக்கிற பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். விரலால்கூட டிஸ்க்கின் முகத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடுகிற எண்ணெய்தான் வேண்டும். கணுக்கணுவாக விட்டு, கொஞ்ச நேரம் பெடலைச் சுற்றி, மேலே தங்கியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். புது பேட் போட்டால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இருபது தடவை போல மிதமான வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், மெதுவாக்கி மெதுவாக்கிப் பழக்க வேண்டும். அதுவரை பிடிப்பு அரைகுறையாகத்தான் இருக்கும். கேபிள் டிஸ்க்கா, எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிற ஹைட்ராலிக்கா என்ற கேள்விக்கு, நல்ல ஹைட்ராலிக் கட்டுப்படியானால் அதுதான். ஒரு விரலில் நிற்கும். மட்டமான கேபிள் டிஸ்க்கைவிட ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிற நல்ல வி-பிரேக் மேல் என்பது என் கட்சி. ஹைட்ராலிக்கில் இரண்டு விஷயம் ஞாபகம் வேண்டும். சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பிரேக்கை அழுத்தாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும், திரும்ப டிஸ்க் நுழையாது. ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில்தான், காருக்கு ஊற்றுகிற டாட் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

அதே சர்வீஸில்தான் வாட்டர் வாஷ் வேறு. அழுத்தமான தண்ணீரை ஹப்பிலும் கிராங்க் அச்சிலும் நேராகப் பீய்ச்சினால் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். அன்று வண்டி புதிது மாதிரி இருக்கும், அப்புறம் மெதுவாகக் கரகரக்க ஆரம்பிக்கும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும். செயின் தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி உண்டு, ஆனால் அங்குல ஸ்கேல் இருந்தாலே போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து, அதை விட்டுவிட்டு எண்ணி இருபத்து நாலாவது பின்னைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒன்று வரை விட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், அப்போது செலவு பல மடங்கு.

இரண்டாவது சைக்கிளைச் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். முதலாவதைவிட விலை கொஞ்சம்தான் கூட. முன் சஸ்பென்ஷன் இல்லாத, எடை குறைந்த அலுமினிய ஃபிரேம், முன்னால் ஒரே பல்சக்கரம், ஹைட்ராலிக் பிரேக். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாங்கும் முன் வெளிச்சத்தில் வைத்து, குழாய்கள் சேருகிற வெல்டிங் பக்கம் பெயிண்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். முன்குழாயின் அடியில் பெயிண்ட் சுருங்கியிருந்தால் எங்கோ போய் மோதிய வண்டி. சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன், ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன், சீட் தண்டை உருவிப் பார்த்தேன். பல வருஷம் உருவாமல் உள்ளே ஒட்டிக்கொண்ட தண்டை எடுப்பது பெரிய வேலை, சில சமயம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கைப்பிடிகளை இரண்டு கையால் முறுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மில் நழுவுகிறதா என்றும் பார்த்தேன். இதெல்லாம் கூச்சப்படாமல் செய்ய வேண்டிய விஷயம். விற்கிறவர் அவசரப்படுத்தினால் வந்துவிடலாம்.

பட்ஜெட் போடும்போது மொத்தத்தையும் சைக்கிளுக்கே கொட்டாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். ஹெல்மெட்டுக்கு முதலிடம், உள்ளே ஈ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்ற தர முத்திரை இருக்க வேண்டும், ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அப்புறம் முன் பின் விளக்கு, பூட்டு, தரை பம்ப், பையில் வைக்கிற சின்ன பம்ப், ஒரு ஸ்பேர் டியூப், டயர் கழற்றுகிற லீவர் இரண்டு, 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீ. இந்தக் கடைசிச் சாமானை மட்டும் நான் சட்டைப்பை அளவு மடக்குக் கருவியாக வாங்கினேன். கிராங்க் போல்ட்டுக்கு 8 மி.மீ. வேண்டும், ஆனால் மடக்குக் கருவிகள் சிலவற்றில் அது இருக்காது, பார்த்து வாங்குங்கள். முடிந்தால் வாங்கும் முன் வாடகைக்கு எடுத்தோ தெரிந்தவரிடம் இரவல் வாங்கியோ நீங்கள் நிஜமாகவே ஓட்டப்போகிற பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கடை வாசலில் ஒரு சுற்று சுற்றுவதில் முழங்காலும் சொல்லாது, கையும் சொல்லாது.

இப்போதைய சைக்கிளுக்கு இதுவரை ஒரு செயின், ஒரு ஜோடி பேட், சில டியூப், இவ்வளவுதான் ஆகியிருக்கிறது. பின் டயர் நடுவில் மழமழவென்று தேய்ந்துவிட்டது, மழை வருவதற்குள் மாற்ற வேண்டும். முன் டயரைப் பின்னால் போட்டுவிட்டுப் புதியதை முன்னால் போடப்போகிறேன். பின் டயர் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் டயர் வழுக்கினால் விழ வேண்டியதுதான்.